கதையில் குழந்தைக்கும் பங்கு வேண்டும்

ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள்கள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று கல்வி உரிமைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. அந்த 800 மணி நேரத்தில் பத்தே மணி நேரத்தை உலக நாட்டுப்புறக் கதைகளை நிகழ்த்துவதற்கு ஒதுக்க வேண்டும். மாதம் ஒரு நாள், வகுப்பறையிலோ பள்ளி மரத்தடியிலோ, பயிற்சி பெற்ற கலைஞர்கள் வந்து ஒரு கதையை ஆடியும் பாடியும் சொல்ல வேண்டும். கேட்கும் பிள்ளைகளும் எழுந்து அந்தக் கதைக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டின் ஒவ்வோர் அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் இது கிடைக்க வேண்டும் என்று கோருகிறோம்.

கதை நிகழ்வுகள் நம்மிடையே இல்லாமல் இல்லை. சென்னையிலும் கோவையிலும் புத்தகக் கடைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தனியார் பள்ளிகளிலும் விடுமுறை நாள்களில் அவை நடக்கின்றன. பெரும்பாலும் கட்டணம் செலுத்த முடிந்த வீட்டுப் பிள்ளைகளே அவற்றுக்குப் போகிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா பாராட்டுக்குரிய முயற்சி. பல்லாயிரம் பிள்ளைகளை அது மேடையேற்றியிருக்கிறது. ஆனால், அது போட்டி. அதில் வெல்பவர் சிலர். மேடைப் பக்கமே போகத் தயங்கி ஒதுங்கி நிற்பவர் பலர். யாரும் தோற்காத, யாரும் மதிப்பெண் போடாத ஒரு கலை அனுபவம் அந்தப் பலருக்கும் தேவை.

பங்கேற்பு என்ற பெயரில் நடப்பவை அனைத்தும் பங்கேற்பு ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயிரம் பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்து, ஒலிபெருக்கியில் 'எல்லாரும் கை தட்டுங்க' என்று சொல்வது வேடிக்கை காட்டுவது, அவ்வளவுதான். பிள்ளைகள் என்ன சொன்னாலும் அங்கே கதை ஏற்கெனவே எழுதி வைத்தபடிதான் போகும். கேட்பவரின் குரலுக்குக் கதையை நிறுத்தவும் திருப்பவும் உரிமை இருக்க வேண்டும். நாட்டுப்புறக் கதை மரபு உலகெங்கும் இந்த உரிமையைக் கொடுத்தே வளர்ந்திருக்கிறது.

கானா நாட்டைப் பாருங்கள். அங்கே அகான் மக்களிடையே அனான்சி என்னும் தந்திரச் சிலந்தியின் கதைகள் வழங்குகின்றன. கதை பாதியில் போய்க்கொண்டிருக்கும்போதே கேட்பவர்களில் ஒருவர் இடைமறித்துப் பாட்டெடுக்கலாம். மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள், தாளம் போடுவார்கள், ஆடுவார்கள்; பாட்டு முடிந்த பிறகு கதை தொடரும். இந்த இடைப்பாட்டுக்கு 'ம்போகுவோ' என்று பெயர். கானாவின் நாடகாசிரியர் எஃபுவா சதர்லேண்ட் 1960களில் அட்வியா என்ற சிற்றூரில் மக்களோடு சேர்ந்து கதைக்கென்றே ஒரு கூடத்தைக் கட்டியெழுப்பினார். 1975இல் வெளிவந்த தன் அனான்சி நாடகத்திலும் இந்த இடைப்பாட்டு முறையைப் பயன்படுத்தினார். புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஒரு நாட்டில், கிராமத்துக் கதை மரபை நவீன நாடகத்தின் அடித்தளமாக்க முடியும் என்று அவர் நம்பினார்.

அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஹெய்ட்டிக்குப் போனால், கதைசொல்லி 'க்ரிக்?' என்று கேட்பார், கூட்டம் 'க்ராக்!' என்று பதில் கொடுக்கும். அந்த இசைவு கிடைத்த பிறகே கதை தொடங்கும். நம் பாட்டிமாரும் 'உம்' கொட்டாத பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லமாட்டார்கள். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டுப் போட்டே கதையை நகர்த்துவார். கேட்பவரும் சேர்ந்துதான் கதையைச் செய்கிறார் என்பதில் கானாவுக்கும் ஹெய்ட்டிக்கும் தென்பாண்டிச் சீமைக்கும் வேற்றுமை இல்லை.

வகுப்பறையில் இது எப்படி நடக்கும்? ரஷ்யாவின் டர்னிப் கிழங்குக் கதையை எடுத்துக்கொள்வோம். தாத்தா நட்ட கிழங்கு பூதாகரமாக வளர்ந்துவிடுகிறது. தாத்தா இழுத்தும் வரவில்லை. பாட்டி வருகிறாள், பேத்தி வருகிறாள், நாய் வருகிறது, பூனை வருகிறது. ஒருவர் பின் ஒருவராகப் பிடித்து இழுக்கிறார்கள். தலையில் பச்சைத் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு சிறுமி கிழங்காகக் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். இடுப்பைப் பிடித்தபடி வரிசை நீள்கிறது. 'இன்னும் யாரைக் கூப்பிடலாம்?' என்று கலைஞர் கேட்கிறார். 'ஜேசிபி!' என்று ஒரு பையன் கத்துகிறான். பயிற்சி இல்லாதவர் 'அது கதையில் இல்லை, உட்காரு' என்பார். பயிற்சி பெற்றவர் ஜேசிபியை வரவழைப்பார். இரண்டு பேர் சக்கரமாவார்கள், ஒருவன் ஓட்டுநராவான், வகுப்பே உறுமும். கிழங்கு அப்போதும் அசையாது. 'சரி, இப்போ யாரு மிச்சம்?' என்ற கேள்விக்குப் பிறகு, அதுவரை வாய் திறக்காமல் கடைசி வரிசையில் இருந்த குழந்தை எலியாக வந்து பூனையின் வாலைப் பிடிக்கும். கிழங்கு பெயர்ந்து வரும்.

இந்த இருபது நிமிடத்தில் வரிசைமுறையைப் பிள்ளைகள் கற்கிறார்கள். தன் முறை வரும்வரை காத்திருக்கவும், பிறர் சொல்வதைக் கேட்டு அதன்மேல் கட்டவும் கற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தான் சேர்ந்தால்தான் காரியம் முடியும் என்பதை அந்தச் சின்னக் குழந்தை தன் உடம்பால் உணர்கிறது. எந்தப் பாடநூலும் இதைச் சொல்லிக் கொடுத்துவிட முடியாது.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பெல்கிரேடு அரங்கம் 1965இல் நடிகர்களே ஆசிரியர்களுமாகச் செயல்படும் குழுவை அமைத்துப் பள்ளிகளுக்கு அனுப்பியது. கல்வியில் அரங்கு என்ற இயக்கம் அங்கிருந்துதான் பரவியது. நம் தேசிய நாடகப் பள்ளி 1989இல் குழந்தைகளுக்கான தனிக் குழுவைத் தொடங்கியது. புதுச்சேரியின் வேலு சரவணன் தன் 'ஆழி' குழுவோடு பள்ளி பள்ளியாகச் சென்று, பிள்ளைகளை நாடகத்துக்குள் இழுத்துப் பெரும் உற்சாகத்தைக் கிளப்பியவர். செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தனிமனிதர்களின் உழைப்பாக நிற்பதை அரசின் கடமையாக மாற்றுவதுதான் மிச்சம்.

நம் கதைகளே குவிந்து கிடக்க உலகக் கதைகள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கி. ராஜநாராயணன் போன்றோர் திரட்டித் தந்த செல்வம் நம்மிடம் இருப்பது உண்மை. அதற்கும் இந்தப் பத்து மணி நேரத்தில் இடம் உண்டு. ஆனால், கதைகள் எல்லை பார்த்து நிற்பதில்லை. பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகம் போய், எட்டாம் நூற்றாண்டில் அரபுக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பாவெங்கும் பரவியது. தமிழ் உரைநடைக்கு அது வந்தது 1826இல், தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்தபோது. மாஸ்கோவிலிருந்து வந்த வண்ணப் புத்தகங்களில் ரஷ்யக் கரடிகளையும் உக்ரைனிய நரிகளையும் படித்து வளர்ந்த தலைமுறைக்குத் தமிழ் குறைந்துவிடவில்லை.

இன்றைய தேவை இன்னும் நெருக்கமானது. திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஒரு சந்தாலிக் கதையோ ஒடியாக் கதையோ வகுப்பில் நிகழும் நாளில், அதில் வரும் பாட்டைச் சரியாகப் பாடிக் காட்ட அந்தப் பிள்ளையைத்தான் மற்றவர்கள் கேட்க வேண்டியிருக்கும். தமிழ் வராதவள் என்று ஒதுக்கப்பட்டவள் அன்று வகுப்புக்கு ஆசிரியையாகிறாள்.

உலகக் கதையை எடுப்பவருக்கு ஒரு பொறுப்பும் இருக்கிறது. 'ஆப்பிரிக்கக் கதை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது போதாது. எந்த நாடு, எந்த மக்கள் என்று சொல்ல வேண்டும். உலக வரைபடத்தில் காட்ட வேண்டும். அனான்சி எப்படிக் கரீபியத் தீவுகளுக்குப் போனான் என்று ஒரு பிள்ளை கேட்டால், அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் நெஞ்சில் சுமந்து போனார்கள் என்ற உண்மையை அந்த வயதுக்கு ஏற்ற சொற்களில் சொல்ல வேண்டும். முகத்தில் கரி பூசுவதும், தலையில் இறகு செருகிக்கொண்டு புரியாத ஒலியெழுப்புவதும் அந்த மக்களை அவமதிப்பது. வேடம் இல்லாமலே கதை நிற்கும். ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட்டின் நாடகத்தையும் கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் கதையையும் புரிசைக் கூத்துக் கலைஞர்கள் தங்கள் அடவுகளிலும் தங்கள் பாட்டிலும்தான் ஆடிக் காட்டினார்கள். வெளியூர்க் கதையை நம் கலையின் உடலில் மதிப்போடு ஏற்கும் வழி அதுதான்.

பாடங்களை முடிக்கவே நேரம் போதவில்லை என்பது ஆசிரியர்களின் கவலை. அது நியாயமான கவலை. நாம் கேட்பது மொத்த நேரத்தில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு. ஏற்கெனவே பதிவேடுகளிலும் செயலிகளிலும் மூழ்கியிருக்கும் ஆசிரியர் தலையில் இதையும் கட்டக்கூடாது. கதை நிகழ்த்துவது ஒரு தொழில். அதைத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டும், அவர்களுக்கு முறையான ஊதியமும் பயணப்படியும் உரிய நாளில் கிடைக்க வேண்டும். பொன்னாடை போர்த்திப் பேருந்துக் கட்டணத்தோடு அனுப்பிவிடும் பழக்கம் ஒழிய வேண்டும்.

ஆளுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் விடை நம்மிடமே இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் கூத்து, வில்லுப்பாட்டு, பொம்மலாட்டக் கலைஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திருவிழாக் காலம் முடிந்தால் பலருக்கு வேலை இல்லை. அவர்களையும் இளம் நாடகக் கலைஞர்களையும் சேர்த்து மாவட்டந்தோறும் குழுக்கள் அமைக்கலாம். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் ஒத்திகைக்கு இடம் தரலாம். குழந்தைகளோடு பழகும் முறையை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் சொல்லிக் கொடுக்கலாம். எதையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித் துறையும் கலை பண்பாட்டுத் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவே.

திட்டம் தொடங்கும் நாளிலேயே சில வரையறைகளை எழுத்தில் வைக்க வேண்டும். ஒரு நிகழ்வுக்கு ஒரு வகுப்பு மட்டுமே. கூட்டம் சேர்க்கக் கூடாது. ஒலிபெருக்கியும் உயர்ந்த மேடையும் வேண்டாம். பிள்ளைகள் வட்டமாக உட்காரட்டும். பேச விரும்பாத குழந்தையை இழுத்து நிறுத்தக் கூடாது, கேட்டுக்கொண்டிருப்பதும் பங்கேற்புதான். முடிந்ததும் 'இக்கதையால் அறியும் நீதி யாது?' என்று வினாத்தாள் நீட்டக் கூடாது. நிகழ்வைப் படம்பிடித்துப் பதிவேற்றுவதை வெற்றியின் அளவுகோலாக வைக்கக் கூடாது. அடுத்த மாதம் குழு வரும்போது எத்தனை பிள்ளைகள் தாங்களாகவே ஒரு கதையோடு காத்திருக்கிறார்கள் என்பதே அளவுகோல்.

வரும் கல்வியாண்டில் மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம் என்று தொடங்கி, மூன்று ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் விரிக்கலாம். அதற்கான நிதியை வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும். நன்கொடையாளர்களின் தயவில் விடக் கூடாது. சொன்னதைக் கேட்டு அடங்கி உட்காரவே நம் பள்ளிகள் பிள்ளைகளை நெடுங்காலமாகப் பழக்கிவிட்டன. 'நீ சொல், கதை அப்படியே போகட்டும்' என்று ஒரு குழந்தையிடம் சொல்வது, நாளை ஊர்க் கூட்டத்திலும் வாக்குச்சாவடியிலும் தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று நம்பும் குடிமகளை உருவாக்கும் முதல் படி. அந்தப் படிக்கு ஆண்டுக்குப் பத்து மணி நேரம் கொடுக்க அரசு தயங்கக் கூடாது.