சாயம் போனது யாருக்கு?

சென்ற வாரம் இராயபுரத்தில், துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு வாலிபத் தோழர் தமது கைப்பேசியைக் காட்டி, "அண்ணே, பாத்தீங்களா? அமெரிக்காக்காரன் கட்டம் போட்ட சட்டைக்கு நம்ம மெட்ராஸ் பேரையே வச்சிருக்கான்" என்று வெகு பெருமையோடு சொன்னார். படத்தில் இருந்தவன் வெள்ளைக்கார அழகன். சட்டையின் விலையோ நமது தோழரின் பல நாள் கூலி! இதில் நாம் பூரித்துப் போவதற்கு என்ன இருக்கிறது என்று சற்று யோசிப்போம்.

1639-ல் கும்பினிக்காரர்கள் இந்தக் கடற்கரை மணலில் வந்து இறங்கியது எதற்காக? நமது நாகரிகத்தைத் தரிசிக்கவா? மலிவான துணிக்காக. அத்துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடமே வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் திருவொற்றியூரில் நெசவாளிகளைக் குடியேற்றி உண்டாக்கிய காலெட்பேட்டைதான் இன்றைய காலடிப்பேட்டை. அங்கு போய்ப் பழைய கதை கேட்டுப் பாருங்கள். துபாஷின் பக்தியை மெச்சிக் கவர்னர் துரை வரதராஜப் பெருமாளுக்குக் கோயில் கட்டிக் கொடுத்த கதையைச் சொல்லுவார்கள். துரை பெயர் தெரியும், துபாஷ் பெயர் தெரியும், பெருமாள் பெயரும் தெரியும். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவன் பெயர் ஒன்றாவது எவருக்காவது தெரியுமா?

அத்துணி கப்பலேறிப் போன இடமும் சாமானியமானதல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கிய வியாபாரிகள், கொடுத்த விலையில் ஒரு பங்கை இந்தியத் துணியாகவே கொடுத்தார்கள். இன்றைக்கும் நைஜீரியாவில் கலபாரி மக்கள் பிறப்புக்கும் இறப்புக்கும் இந்தக் கட்டத்துணியை, 'இஞ்சிரி' என்று பெயரிட்டு, மரியாதையாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1786-ல் கவர்னர் ஒரு உத்தரவு போட்டார். கறுப்புப் பெண்கள் சீமாட்டிகளைப் போல் தலை சிங்காரிக்கக்கூடாதாம், துணியால் மூடிக்கொள்ள வேண்டுமாம். அப்பெண்களோ பளபளப்பான துணிகளை எடுத்து, சீமாட்டிகளே பொறாமைப்படும்படி தலைப்பாகை கட்டிக் காட்டினார்கள். அங்கே மூடு என்றான் வெள்ளையன். இங்கே திருவாங்கூரில் மாரை மூடாதே என்றான் மேல்சாதிக்காரன். 1859-ல் பல கலகங்களுக்குப் பிறகு மூடிக்கொள்ள அனுமதி வந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல் மூடக்கூடாது என்ற நிபந்தனையோடுதானே வந்தது!

நிற்க. 1958-ல் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். கிருஷ்ணன் நாயர் என்ற வியாபாரி (பிற்காலத்தில் லீலா ஓட்டல்களைக் கட்டியவர்) அமெரிக்க இறக்குமதிக்காரர் ஒருவருக்கு மதராஸ் கட்டத்துணி விற்றார். குளிர்ந்த நீரில் பதமாய் அலசவேண்டும் என்று எச்சரித்ததாகவும் அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். வாங்கியவர் அதைச் சொல்லாமலே புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடைக்கு விற்றுவிட்டார். சீமான்களின் உடுப்பெல்லாம் சாயம் விட்டு ஒன்றோடொன்று கலந்தன. வழக்கு வரும் போலாயிற்று. அப்போது விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள்? குற்றத்தையே குணமாக்கி, "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்" என்று போட்டார்கள்! ஒரு பத்திரிகையும் பக்கம் பக்கமாய்ப் புகழ்ந்தது. உடனே சாயம் போகும் துணிக்கு ஆள் மேல் ஆள் விழுந்தார்கள். நம் ஊரில் சாயம் வெளுத்தது என்றால் வண்டவாளம் வெளியானது என்று அர்த்தம். தலபுராணம் எழுதியவர்கள் கூட இந்த விளம்பரக்காரர்களிடம் பாடம் கேட்க வேண்டியதுதான். வெள்ளைக்காரன் சாயம் விடுவதற்குச் சொல்லும் வார்த்தை 'இரத்தம் சிந்துதல்' என்பதாகும். யாருடைய இரத்தம் என்று மட்டும் விளம்பரத்தில் இல்லை.

இப்போது புராணம் படிக்கச் சினிமா நட்சத்திரங்கள் வந்திருக்கிறார்கள். 2022-ல் தீபிகா படுகோன் லூயி வுய்த்தோனுக்குத் தூதர், 2023-ல் ஆலியா பட் கூச்சிக்குத் தூதர். நாடுகளுக்குத்தான் தூதர் உண்டென்று நினைத்திருந்தோம். கைப்பைக்கும் உண்டாம்!

2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா கம்பெனி கோலாப்பூர்ச் செருப்பை, பெயர் சொல்லாமல் வெறும் தோல் செருப்பென்று மேடையேற்றியது. உடனே நம்மவர்கள் "எங்கள் கலாசாரம் திருடு போயிற்று!" என்று கூச்சல் போட்டார்கள். கூச்சல் நியாயமே, திருட்டுத்தான். கம்பெனியும் பிறகு ஒப்புக்கொண்டு, டிசம்பரில் இங்கேயே 2,000 ஜோடி செய்வித்துச் சுமார் 800 யூரோவுக்கு விற்பதாக அறிவித்தது. ஆனால் கூச்சல் போட்ட கனவான்களை ஒன்று கேட்கிறோம். அச்செருப்பைத் தலைமுறை தலைமுறையாய்த் தைத்த சாம்பார் சாதியாரைத் தொட்டால் தீட்டு என்றது எந்தக் கலாசாரம்? வெள்ளைக்காரன் கை வைத்த பிறகுதானா அது 'எங்கள்' செருப்பாயிற்று?

கம்பெனிக்காரன் பெட்டிமேல் கோலாப்பூர் என்று அச்சடித்தால் திருப்தியடைந்து விடுகிறீர்கள். ஊர்ப் பெயருக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லையே! ஆதலால் அவனுக்கும் அது சௌகரியம். 800 யூரோவில் தைத்தவன் கைக்குப் போவது எவ்வளவு என்பதையும் அதே பெட்டிமேல் அச்சடிக்கச் சொல்லுங்கள். நமது தோழர் காட்டிய மெட்ராஸ் சட்டையின் கழுத்துச் சீட்டிலும் அப்படியே நெய்தவன் கூலியை அச்சடிக்கச் சொல்லுங்கள்.