வேருக்கு ஒரு தூர், மண்ணுக்கு ஒரு வரிசை



சித்திரை வெயில் தொடங்கியதும் நாட்டு மருந்துக் கடையில் ஒரு கைப்பிடி வெட்டிவேர் வாங்கி மண்பானையில் போடுவது நம்மில் பலர் வீட்டு வழக்கம். நலங்கு மாவு அரைக்கவும் அது வேண்டும், சாமிக்கு மாலை கட்டவும் வேண்டும். இவ்வளவு புழங்கும் பொருளை வீட்டிலேயே வளர்க்கலாமே என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

வெட்டிவேர் நம் நாட்டுப் புல். ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்கும். ஒன்றரை மீட்டர் உயரத்துக்குப் புதராக வளரும். அருகம்புல்போல் கொடி ஓடித் தோட்டத்தை அடைத்துக்கொள்ளாது. நட்ட இடத்தில் வேர் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் 2, 3 மீட்டர் ஆழம் வரைகூடப் போகும்.

கடலூர் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் இதை மணலில்தான் பயிர் செய்கிறார்கள். மணலில் வேர் அறுந்துபோகாமல் முழுசாக வரும். மாடித் தோட்டக்காரர்களும் இதையே பின்பற்றலாம். உயரமான க்ரோ பேக்கோ பழைய சிமென்ட் சாக்கோ எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, பெரும்பங்கு மணலும் கொஞ்சம் மண்புழு உரமும் கலந்து நிரப்புங்கள்.

விதை தேட வேண்டாம். யாரிடமாவது ஒரு தூர் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்தாற்போல் பிரியுங்கள். இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரையும் குட்டையாக நறுக்கி நடுங்கள். புதுத் துளிர் வரும்வரை ஈரம் காயக் கூடாது. அதற்குப் பிறகு வெயிலும் மழையும் அதற்கு ஒரு பொருட்டில்லை. நிழல் மட்டும் ஆகாது. சில மாதங்களுக்கு ஒருமுறை இலையை அறுத்துவிட்டால் பக்கத்தூர் நிறைய வெடிக்கும். அறுத்த இலை மற்றச் செடிகளுக்கு மூடாக்கு ஆகும்.

ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றரை வருடத்துக்குள் சாக்கைக் கிழித்து வேரை எடுத்துவிடலாம். நன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வாசனை போய்விடும். பானைக்குள் துணியில் முடிந்து போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்துக் காயவைப்பது முக்கியம். ஊறியபடியே கிடந்தால் தண்ணீர் கெடும்.

சொந்த நிலம், தோட்டம், வாய்க்கால் ஓரம் வைத்திருப்பவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். அங்கே ஒரு வரிசை நட்டு, அதைத் தோண்டாமல் விட்டுவிடுவீர்களா? மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் தலைமுறைகளாக வயல் எல்லையில் இந்தப் புல்லை வைத்தவர்கள். 1980களில் உலக வங்கிக்காக இந்தியாவில் வேலை பார்த்த ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் மண் அரிப்பைத் தடுக்க இதையே பல நாடுகளுக்கும் எடுத்துச் சொன்னார்கள். 1993-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சில் இந்தப் புல்லுக்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டது.

செய்முறை ரொம்ப எளிது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் நட வேண்டும். தூர்கள் நெருங்கி வேலியானதும் மழைத் தண்ணீர் வேகம் குறைந்து வடியும், மேல்மண் வேலியின் மேல்பக்கமே தங்கும். கரையில் நட்ட புல்லை வேருக்காகத் தோண்டினால் இத்தனையும் வீண், மண் முன்னைவிட மோசமாகச் சரியும். ஆகவே வேர் எடுக்கச் சாக்கு, மண்ணைக் காக்க வரப்பு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் கொல்லையில் தேங்குகிறதா? அங்கேயும் நான்கு தூர் வையுங்கள், நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அந்த வேரைக் குடிதண்ணீருக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

ஐப்பசி மழைதான் நடவுக்கு நல்ல சமயம். இப்போதே மணலும் சாக்கும் தயார் செய்யுங்கள். தூர் பிரிக்கும்போது பக்கத்து வீட்டுக்கும் இரண்டு கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்