லிம்ஃபோமா திரும்பி வந்தால் லேகியம் கேட்காதீர்கள்!

நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்க்கு லிம்ஃபோமா என்று பெயர். கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டியாகத் தலைகாட்டும். கீமோதெரபியில் பலருக்கு முழுசாகவே குணமாகிவிடுகிறது. சிலருக்கு மட்டும் திரும்ப வருகிறது. அப்போதுதான் குடும்பமே ஆடிப்போகிறது. "இங்கிலீஷ் மருந்து கைவிட்டுடுச்சு டாக்டர், நீங்க ஏதாவது சூரணம், லேகியம் கொடுங்க" என்று எங்களைத் தேடி வருகிறார்கள்.

சித்த மருத்துவன் என்ற முறையிலேயே சொல்கிறேன். அந்த நேரத்தில் புற்றுநோய் டாக்டரை விட்டுவிட்டு எங்களிடம் வராதீர்கள். புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ம் வருடச் சட்டம் தடை செய்கிறது. அதையும் மீறி 'கியாரண்டி' கொடுப்பவரிடம் நீங்கள் இழப்பது பணத்தை மட்டுமல்ல, நாட்களையும்தான்.

திரும்பி வந்த நோய்க்கும் வழி இருக்கிறது. முதலில் வேறு மருந்துகளால் நோயை அடக்குவார்கள். பிறகு, பலருக்கு அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்து, கடுமையான கீமோ கொடுத்தபின் திருப்பிச் செலுத்துவார்கள். அதற்கும் நோய் மசியாவிட்டால், சிலருக்கு இன்னொருவரின் ஸ்டெம் செல்லைச் செலுத்துவது உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்து வருகிறது. சில வகை லிம்ஃபோமாவுக்கு, நம் நாட்டிலேயே உருவான கார்-டி செல் சிகிச்சைக்கும் 2023-ல் அனுமதி கிடைத்திருக்கிறது.

தானமாக வந்த செல்கள் புது ரத்தத்தை உண்டாக்குவதோடு நிற்பதில்லை. மிச்சமிருக்கும் புற்றுச் செல்களை அந்நியன் என்று கண்டுகொண்டு தாக்கவும் செய்கின்றன. மருந்தால் முடியாததைப் புதுக் காவல்காரன் செய்கிறான். ஆனால் அதே காவல்காரன் சில சமயம் வீட்டுக்காரனையே அடிப்பான். தோல், குடல், கல்லீரல் பாதிக்கும். கிருமித் தொற்றால் உயிருக்கே ஆபத்து வருவதும் உண்டு. அதனால்தான் வயது, உடல்நிலை எல்லாம் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

சரி, யார் கொடுப்பது? உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் முழுப் பொருத்தம் அமைய நூற்றுக்கு 25 வாய்ப்பு. இப்போது பாதிப் பொருத்தம் உள்ள பெற்றோர், பிள்ளைகளிடமிருந்தும் எடுக்கிறார்கள்.

இங்கேதான் நம் வீடுகளில் சிக்கல். தங்கை கொடுக்கத் தயார். புகுந்த வீடு தடுக்கிறது. "நாளைக்குப் பிள்ளை பெத்துக்க வேண்டிய பொண்ணு, எலும்பை உடைச்சு எடுப்பாங்களாமே!" யாரும் எலும்பை உடைப்பதில்லை. பெரும்பாலும் நாலைந்து நாள் ஊசி போட்டு, கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷின் வழியே ஸ்டெம் செல்லைப் பிரித்துக்கொண்டு, மீதி ரத்தத்தை உடம்புக்கே திருப்பி விடுகிறார்கள். சில மணி நேர வேலை. உடம்பு வலி, தலைவலி வரும், போகும். கருப்பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சித்த நூல்கள் சொல்லும் ஏழு உடல் தாதுக்களில் ஆறாவது 'மூளை'. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையும் அதில் அடக்கம். எடுத்தால் மறுபடி ஊறும் பொருள் அது. மாமியார்களே, கணவன்மார்களே, தயவுசெய்து குறுக்கே நிற்காதீர்கள்!

கடைசியாக ஒன்று. மாற்று சிகிச்சை முடிந்து வந்தவருக்கு, 'எதிர்ப்பு சக்திக்கு நல்லது' என்று சீந்தில், அமுக்கரா எதையும் கொடுத்துவிடாதீர்கள். புதுக் காவல்காரனைச் சாந்தமாக வைக்கத்தான் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளைத் தருகிறார்கள். நீங்கள் அவனைத் தூண்டிவிடலாமா? சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பச்சிலைச் சாறு, பொடிகளில் பூஞ்சைக் கிருமியும் இருக்கக்கூடும். எங்கள் மருந்து எதுவானாலும், சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே வாயில் வையுங்கள். பத்தியம் என்பது இதுவும்தான்.