வேகமா ஓடினா நெஞ்சு நின்னுடுமா?

ஜிம்ல ஒருத்தர் ட்ரெட்மில்லில் இருந்து சரிஞ்சு விழுற சிசிடிவி வீடியோ ஒண்ணு வந்தா போதும். அடுத்த ரெண்டு நாளைக்கு குடும்ப குரூப், ஸ்கூல் குரூப், அபார்ட்மென்ட் குரூப் எல்லாத்துலயும் அதான். கீழே ஒரு வரி இருக்கும்: "பாத்தீங்களா, ஓவரா எக்சர்சைஸ் பண்ணா இதான் கதி." ஃபார்வர்ட் பண்றவர் கடைசியா ஓடினது கல்யாணத்துக்கு முன்னாடி பஸ் பிடிக்கிறதுக்காக இருக்கும்.

இன்னொரு பக்கம் ரீல்ஸ் கோச். "நடக்கிறதெல்லாம் டைம் வேஸ்ட் ப்ரோ. நாலே நிமிஷம், வெறித்தனமா ஓடு. முதல் நாள்லயே ஃபுல் ஸ்பீடு." கீழே பணம் கட்ட லிங்க்.

மக்களே, ரெண்டு பேருமே உங்களை ஏமாத்துறாங்க. ரெண்டுல யாரு அதிக சேதம் பண்றாங்கன்னு கேட்டா, என் ஓட்டு முதல் ஆளுக்குத்தான். ஓடி விழுறவர் கேமராவுல மாட்டுறார். இருபது வருஷம் உட்கார்ந்தே இருந்து சுகர், பிபி, அடைப்புன்னு வந்து சேருறவரை யாரும் வீடியோ எடுக்கிறதில்ல.

முதல்ல பயத்துக்குப் பின்னாடி இருக்கிற உண்மையைப் பேசிடுவோம். உண்மை இருக்கு, மறைக்க மாட்டேன்.

1993ல் அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. மாரடைப்பு வந்தவங்ககிட்ட, அதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துல என்ன செஞ்சீங்கன்னு கேட்டாங்க. கடுமையான உடல் உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்துல மாரடைப்பு வர்ற வாய்ப்பு சாதாரண நேரத்தை விட சுமார் 6 மடங்கு. இதை மட்டும் வெட்டி எடுத்து ஃபார்வர்ட் பண்ணா பயமாத்தான் இருக்கும். அடுத்த வரியைப் படிங்க. வாரத்துக்கு அஞ்சு நாளோ அதுக்கு மேலயோ உடம்பை வருத்துறவங்களுக்கு அது வெறும் 2.4 மடங்கு. வாரத்துக்கு ஒரு தடவைகூட செய்யாதவங்களுக்கு? 107 மடங்கு.

திரும்பப் படிங்க. அதே ஓட்டம், அதே வேகம். ஒருத்தருக்கு 2.4, இன்னொருத்தருக்கு 107. அப்போ ஆபத்து ஓட்டத்துல இருக்கா, அதுக்கு முன்னாடி உட்கார்ந்திருந்த வருஷங்கள்ல இருக்கா?

"மடங்கு"ங்கிற வார்த்தையே ஆளைப் பயமுறுத்தும். மிகச் சிறிய ஒண்ணை எத்தனையால பெருக்கினாலும் சிறிசாத்தான் இருக்கும். அமெரிக்க ஆண் மருத்துவர்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு 2000ல் வந்துச்சு. கடும் உழைப்போட சேர்ந்து வந்த திடீர் மரணம் சுமார் 15 லட்சம் தடவைக்கு ஒண்ணு.

"டாக்டர், அது வெள்ளைக்காரன் கணக்கு. நம்ம ஊர்ல?" நியாயமான கேள்வி. நமக்கு மாரடைப்பு கொஞ்சம் சீக்கிரமே வருது. முதல் அட்டாக் வர்ற வயசு தெற்காசியர்களுக்கு மற்றவங்களை விட அஞ்சாறு வருஷம் முன்னாடி. ஐசிஎம்ஆர் 2023ல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 45 வயசுக்குள்ள காரணம் தெரியாம திடீர்னு இறந்தவங்களைப் பத்தினது. முந்தைய 48 மணி நேரத்துல கடும் உடல் உழைப்பு செஞ்சிருந்தது ஆபத்தைக் கூட்டுச்சுன்னு அதுல இருக்கு. ஆனா அதே பட்டியல்ல குடும்பத்துல திடீர் மரணம், 48 மணி நேரத்துக்குள்ள அளவுக்கு மீறின குடி, கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில படுத்தது எல்லாமும் இருக்கு. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டலைன்னும் இருக்கு. நம்ம வாட்ஸ்அப் மாமாக்களுக்கு உடற்பயிற்சி வரி மட்டும்தான் கண்ணுல படும். குடி வரி படாது. ஏன்னு நான் சொல்லணுமா?

2024 ஆகஸ்ட்ல ஜார்க்கண்ட்ல நடந்தது ஞாபகம் இருக்கா? கலால் துறை காவலர் தேர்வு. 10 கிலோமீட்டர் ஓட்டம். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனாங்க. அது ஸ்பிரிண்ட் இல்லதான். ஆனா பழகாத உடம்பு, புழுக்கம், "இதை விட்டா வேலை போச்சு"ங்கிற வெறி மூணும் சேர்ந்தா என்ன ஆகும்னு அது காட்டுச்சு. அங்கே தப்பு ஓட்டத்து மேல இல்ல, அப்படி ஓட வெச்சவங்க மேல.

இப்ப கோச் பக்கம் வருவோம்.

அந்த "நாலு நிமிஷம்" எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? ஜப்பான்ல தபாட்டான்னு ஒரு ஆய்வாளர், 1996. 20 செகண்ட் உச்ச வேகம், 10 செகண்ட் ஓய்வு, இப்படி ஏழெட்டு சுற்று. அதைச் செஞ்சவங்க ஏற்கனவே விளையாட்டுல ஊறின இளம் மாணவர்கள். அதுவும் ஆய்வுக்கூடத்துல, நின்ன இடத்துல மிதிக்கிற சைக்கிள்ல. அதைத் தூக்கிட்டு வந்து, 44 வயசு, 92 கிலோ, ராத்திரி அஞ்சு மணி நேரம் தூங்குற ஐடி மேனேஜரை முதல் நாளே தார் ரோட்டுல ஓட விடுறதுக்குப் பேரு சயின்ஸ் இல்ல.

பலன் பொய்யா? இல்லவே இல்ல. கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு, 2016. உடற்பயிற்சியே இல்லாத ஆண்கள். ஒரு குழு 45 நிமிஷம் நிதானமா சைக்கிள் மிதிச்சுது. இன்னொரு குழுவுக்கு மொத்தமே 10 நிமிஷம், அதுல 20 செகண்ட் உச்ச வேகம் மூணு தடவை மட்டும். வாரம் மூணு நாள், 12 வாரம். ரெண்டு குழுவுக்கும் உடம்போட ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் 19 சதவீதம் கூடுச்சு. நேரமில்லாதவங்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனா "நடை வேஸ்ட்"னு இது சொல்லலையே! ரெண்டும் சமம்னுதான் சொல்லுது. நார்வேயில 70 வயசு தாண்டின 1,567 பேரை அஞ்சு வருஷம் பார்த்தாங்க. தீவிரப் பயிற்சி, மிதமான பயிற்சி, வழக்கமான அறிவுரை மட்டும்னு மூணு குழு. தீவிரக் குழுவுல இறப்பு குறைவாத் தெரிஞ்சாலும், புள்ளியியல் கணக்குல உறுதியான வித்தியாசம் இல்ல. இதை எந்த கோச்சும் ரீல்ஸ்ல போட மாட்டார். முதியவங்க தீவிரமா செஞ்சும் சாவு கூடலைங்கிறதை எந்த மாமாவும் ஃபார்வர்ட் பண்ண மாட்டார்.

கிளினிக்ல அடிக்கடி கேக்குற வசனம் ஒண்ணு: "டிஎம்டி நார்மல் டாக்டர், இனிமே எவ்வளவு வேணா ஓடலாம்ல?" சாமி, அந்த டெஸ்ட் காட்டுறது ரத்த ஓட்டத்தைத் தடுக்கிற அளவு பெரிய அடைப்பை. 30, 40 சதவீத அடைப்பு அதுல தெரியாமலே போகலாம். பிபி எகிறும்போது அந்தச் சின்ன கொழுப்புப் படிவு விரிசல் விட்டு, அதுமேல ரத்தம் உறைஞ்சா, அதான் அட்டாக். நார்மல் ரிப்போர்ட் லைசென்ஸ் இல்ல. சிகரெட்டை விடறதும் கொலஸ்ட்ரால் மாத்திரையை ஒழுங்கா போடுறதும் அந்த ரிப்போர்ட்டை விட உங்களைக் காப்பாத்தும்.

அப்போ எப்படி ஆரம்பிக்கிறது? போரடிக்கிற பதில்தான்: ஆறெட்டு வாரம் வேகநடை. அதுக்கப்புறம் நடுவுல முப்பது செகண்ட், ஒரு முழு வாக்கியம் பேச முடியாத வேகத்துல. படிக்கட்டோ, மேடோ, சைக்கிளோ. சமதரையில ஃபுல் ஸ்பிரிண்ட் கடைசியா. இதயம் தாங்கினாலும் தொடையோட பின்தசை கிழிஞ்சிடும். வாரம் ரெண்டு நாள் போதும். முடிச்சதும் சட்டுனு நிக்காதீங்க, ரத்தம் கால்ல தேங்கி மயக்கம் வரும். அஞ்சு நிமிஷம் நடங்க. புதுசா வெறித்தனமா செஞ்ச மறுநாள் சிறுநீர் டீ கலர்ல போனா, தசை உடைஞ்சு கிட்னியைத் தாக்குதுன்னு அர்த்தம். உடனே ஆஸ்பத்திரி.

ஓடும்போது மயங்கி விழுந்தவங்க, மாடி ஏறினா நெஞ்சு அழுத்துறவங்க, வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்தவங்க, கட்டுக்குள்ள வராத பிபி, சுகரால கண் விழித்திரையில ரத்தக்கசிவு இருக்கிறவங்க: டாக்டரைப் பார்க்காம வேகத்துல இறங்கவே கூடாது. காய்ச்சல்னா அந்த வாரம் லீவு. கல்லீரல், சிறுநீரகத்தைத் தாக்குற வைரஸ் மாதிரியே, இதயத் தசையைத் தாக்குற வைரஸும் உண்டு. பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுறவங்க வாட்ச்ல "220 கழித்தல் வயசு" கணக்கைத் துரத்தாதீங்க, அது உங்களுக்கானது இல்ல.

பத்து மணிக்கு மேல டர்ஃப்ல கிரிக்கெட் ஆடுற கூட்டத்துக்குத் தனியா ஒண்ணு. வாரம் பூரா சேர்ல, சனிக்கிழமை ராத்திரி பிரியாணி சாப்பிட்ட கையோட வேகப்பந்து. ஆபத்து கூடுற ஆளு நீங்கதான். வாரத்துல நடுவுல மூணு நாளாவது நடங்க, அப்புறம் பந்து போடுங்க.

யாராவது ஆட்டத்துல சரிஞ்சு, கூப்பிட்டா அசைவில்லாம, சரியா மூச்சும் விடலைன்னா, 108க்கு ஒருத்தர் போன் பண்ணட்டும், நீங்க நெஞ்சு நடுவுல அமுக்க ஆரம்பிங்க. நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ரெண்டு இன்ச் ஆழம். 2021ல் கோபன்ஹேகன் மைதானத்துல எரிக்சன் விழுந்தப்போ அதைத்தான் செஞ்சாங்க, ஏஇடி மெஷின்ல ஷாக் குடுத்தாங்க. அடுத்த வருஷமே திரும்ப ஆட வந்துட்டார். அமெரிக்க மாரத்தான்கள்ல ஓடும்போது இதயம் நிக்கிறது குறையல, ஆனா அதுல சாகுறவங்க பாதியா குறைஞ்சிருக்காங்க. உங்க டர்ஃப் ஓனர்கிட்ட, ஜிம் ஓனர்கிட்ட ஏஇடி எங்கேன்னு கேளுங்க. இதயம் நின்ன முதல் சில நொடிகள்ல கை காலு வெட்டி இழுக்கும். அது வலிப்புன்னு நினைச்சு கையில இரும்புச் சாவியைத் திணிச்சுட்டு நிக்காதீங்க. அமுக்குங்க.