இலவச இசையும் உரியவர் இசைவும்

2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் இணைய நூலகத்தை இந்தியாவிலிருந்து திறக்க முயன்றவர்களுக்கு, அந்தத் தளம் முடக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பே கிடைத்தது. இரண்டு இந்தித் திரைப்படங்களின் திருட்டுப் பிரதிகள் பரவுவதைத் தடுப்பதற்காகத் தயாரிப்பு நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை பெற்றிருந்தன. அதன்படி முடக்கப்பட்ட 2,600-க்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியலில், 1996-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட, லாப நோக்கமற்ற இந்த நூலகமும் இடம்பெற்றிருந்தது. பின்னர் தடை விலகியது.

நூல்களையும் பழைய இணையப் பக்கங்களையும் சேமிப்பதோடு, இசைக்குழுக்களின் இசைவுடன் பதிவு செய்யப்பட்ட மேடை நிகழ்ச்சிகளையும் 2002 முதல் அந்த நூலகம் திரட்டி வருகிறது. காசு கொடுக்காமல், சட்டத்தையும் மீறாமல் இசையைப் பெறுவதற்கான நேர்மையான வழிகளில் அது ஒன்று. திருட்டைத் தடுக்கப் போட்ட வேலி, உரியவரே திறந்துவைத்த வாசலையும் சேர்த்து அடைத்துவிட்டது.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திருட்டு என்று ஒரு சாரார் எண்ணுகின்றனர். இணையத்தில் இருப்பதெல்லாம் இலவசமே என்று இன்னொரு சாரார் நடந்துகொள்கின்றனர். இரண்டு கருத்துகளும் சரியல்ல என்பதைக் காட்ட ஹெவி மெட்டல் இசையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த என் காதுகளுக்கு அந்தப் பேரோசை இன்றும் முழுதாகப் பழகவில்லை. ஆனால், பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில், அந்த இசையை அதன் ரசிகர்கள் பெற்றும் பகிர்ந்தும் வந்த விதம் என்னை நெடுங்காலமாக ஈர்த்து வந்திருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஹெவி மெட்டலின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவது, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தொகுப்பை. அது வெளியானது 1970 பிப்ரவரி 13-இல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவின் மீதான உரிமை அது வெளியானதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு நீடிக்கும். அதாவது, அந்த முதல் தொகுப்பின் ஒலிப்பதிவுக்கு 2030-ஆம் ஆண்டு இறுதிவரை இங்கே பாதுகாப்பு உண்டு. பிரிட்டனில் இந்தக் காலம் 70 ஆண்டுகள். எனவே அங்கே 2040 இறுதிவரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும், பாடலின் மெட்டுக்கும் வரிகளுக்கும் உள்ள தனி உரிமை தொடரும். இந்தியாவில் அது படைப்பாளியின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நிலைக்கும்.

தியாகராஜரின் கீர்த்தனையைப் பாட யாரிடமும் நாம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உரிமைக் காலம் என்ற கேள்வியே அங்கு எழாது. ஹெவி மெட்டலிலோ உரிமைக் காலம் முடிந்துபோன பாடல் என்று ஒன்றை நடைமுறையில் காண முடியாது. ஆகவே, அந்த இசையில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் ஒவ்வொரு பாடலும், உரிமை உள்ள ஒருவர் தாமாக முன்வந்து கொடுத்தது. பதிப்பு நின்றுபோன பழைய இசைத்தட்டாக இருந்தாலும், கலைந்துபோன குழுவின் பாடலாக இருந்தாலும், கடையில் கிடைக்கவில்லை என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது.

இந்த வேறுபாட்டை மெட்டாலிகா குழுவின் வரலாறு நன்கு விளக்குகிறது. 1982-இல் அக்குழு ஒரு மாதிரி ஒலிநாடாவைப் பதிவு செய்தது. ரசிகர்கள் அதைப் படியெடுத்து, அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். கேசட் பரிமாற்றம் அந்நாளைய மெட்டல் ரசிகர்களின் முதன்மையான தகவல் தொடர்பாகவே இருந்தது. அவ்வாறு சுற்றிய ஒலிநாடா நியூ ஜெர்சியில் இசைத்தட்டுக் கடை நடத்திவந்த ஜான் ஜசுலாவின் கைக்குச் சென்றது. அவர் தொடங்கிய மெகாஃபோர்ஸ் நிறுவனமே 1983-இல் மெட்டாலிகாவின் முதல் தொகுப்பை வெளியிட்டது.

அதே மெட்டாலிகா, 2000 ஏப்ரலில் நாப்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. தங்கள் பாடல்களைப் பகிர்ந்ததாக 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பெயர்ப் பட்டியலையும் அளித்தது. படியெடுத்த ஒலிநாடாவால் வளர்ந்தவர்கள் படியெடுப்பதை எதிர்க்கிறார்களே என்று ரசிகர்கள் சினந்தார்கள். 2001 ஜூலையில் நாப்ஸ்டரின் அந்தச் சேவை நின்றது.

இதை முரண்பாடு என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிக் கருதவில்லை. வழக்குக்குத் தூண்டுகோலாக அமைந்தது, ஒரு திரைப்படத்துக்காக அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த பாடல் முறையாக வெளிவரும் முன்பே நாப்ஸ்டர் வழியாகப் பரவியது. 1982-இன் மாதிரி நாடா, கேட்கப்பட வேண்டும் என்பதற்காகவே குழு வெளியே கொடுத்தது. 2000-இல் கசிந்த பாடலை அவர்கள் கொடுக்கவில்லை. இரண்டிலும் கேட்டவர் கொடுத்த விலை சுழியம்தான். வேறுபட்டது இசைவு. ரசிகர்களின் பெயர்களைப் பட்டியலிட்ட முறை அறிவார்ந்ததா என்பது தனிக் கேள்வி.

அப்படியானால், உரியவர் இசைவுடன் தரப்படும் இசை எங்கே கிடைக்கிறது? மூன்று வழிகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது, பேண்ட்கேம்ப். 2008-இல் செயல்படத் தொடங்கிய இந்தத் தளத்தில் விலையை இசைக்குழுவே முடிவு செய்கிறது. ‘விரும்பும் விலை’ என்று வைத்து, குறைந்தபட்ச விலையைச் சுழியம் ஆக்கவும் அங்கே இடமுண்டு. உலகெங்கும் உள்ள சிறிய மெட்டல் குழுக்கள் பல தங்கள் முதல் பதிவுகளை இப்படித்தான் வெளியிடுகின்றன. காசு கொடுத்து வாங்கினால், மின்னணு விற்பனையில் 15 விழுக்காட்டைத் தளம் எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமம். சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் முதலானோர் தொடங்கிய அமைப்பு, 2002 இறுதியில் இந்த உரிமங்களை வெளியிட்டது. படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளைப் படைப்பாளியே தேர்ந்தெடுக்கலாம். லக்சம்பர்க்கில் 2005-இல் தொடங்கிய ஜமெண்டோ, அமெரிக்க வானொலி நிலையம் ஒன்று 2009-இல் தொடங்கிய ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் ஆகிய தளங்களில் இத்தகைய உரிமத்துடன் மெட்டல் பாடல்களும் கிடைக்கின்றன.

மூன்றாவது, முன்பே சொன்ன இன்டர்நெட் ஆர்க்கைவின் மேடை இசைப் பிரிவு. ஆனால், அந்த நூலகத்தில் உள்ள எல்லாமே உரியவர் இசைவுடன் வைக்கப்பட்டவை என்று கொள்ளக் கூடாது. பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளை அது பதிவேற்றியதற்காகப் பெரிய இசை நிறுவனங்கள் 2023-இல் வழக்குத் தொடுத்து, 2025-இல் சமரசம் ஆயிற்று. எந்தத் தளம் என்பதோடு, கொடுத்தவர் யார், எந்த நிபந்தனையில் கொடுத்தார் என்பதையும் பார்ப்பதே பாதுகாப்பு. பெயர் தெரியாத ஒருவர் முழுத் தொகுப்பையும் ஒரே கோப்பாக வைத்து, ‘கேட்டபின் அழித்துவிடவும்’ என்று எழுதியிருந்தால், அந்த வாசகம் யாருக்கும் எந்த உரிமையையும் தராது.

ஓர் இசைக்குழு ஏன் தன் உழைப்பை இலவசமாகக் கொடுக்க வேண்டும்? ஒரு பாடலைப் பதிவு செய்யப் பெரும் செலவு ஆகிறது. பதிவான பின் இன்னொரு பிரதி எடுக்க ஆகும் இறுதிநிலைச் செலவோ ஏறத்தாழச் சுழியம். பெயர் தெரியாத குழுவுக்குப் பிரதி பரவுவதே விளம்பரம். இசையோடு சேர்ந்து தேவைப்படும் நிரப்புப் பண்டங்களில் வருவாய் கிடைக்கிறது. நுழைவுச்சீட்டு, டி-ஷர்ட், இசைத்தட்டு ஆகியவற்றை எளிதில் படியெடுக்க முடியாது. குழுவின் பெயர் பொறித்த கறுப்பு டி-ஷர்ட் மெட்டல் ரசிகர்களின் அடையாளமாகவே இருப்பதால், இந்தக் கணக்கு அவர்களிடம் மற்ற இசைவகைகளைவிட நன்றாகவே எடுபடுகிறது.

இதற்கு நெருங்கிய உறவான இன்டஸ்ட்ரியல் இசையில் ஒரு சிறந்த சான்று உண்டு. 2008-இல் நைன் இன்ச் நெயில்ஸ், 36 இசைக்கோவைகள் கொண்ட தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துடன் வெளியிட்டது. முதல் 9 கோவைகள் இலவசம். முழுவதையும் தரவிறக்க 5 டாலர். கையொப்பமிட்ட சிறப்புப் பதிப்பு 300 டாலர். 2,500 பிரதிகள் கொண்ட அந்தச் சிறப்புப் பதிப்பு விரைவில் விற்றுத் தீர்ந்தது. அதிலிருந்து மட்டுமே 7.5 லட்சம் டாலர். பாடநூல்களில் விலைப் பேதம் என்று நாங்கள் கற்பித்தது இதுதான். ஆனால் இதைப் பொது விதி ஆக்கிவிட முடியாது. அக்குழுவின் புகழ், பெரிய இசை நிறுவனத்தின் முதலீட்டில் பல ஆண்டுகளாகக் கட்டப்பட்டது.

இசைவில்லாத பகிர்வு விற்பனையைக் குறைக்கிறதா என்பதில் பொருளியலறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஓபர்ஹோல்சர்-ஜீ, ஸ்ட்ரம்ப் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, விற்பனையில் குறிப்பிடத்தக்க பாதிப்பைக் காணவில்லை. ராப், வால்ட்ஃபோகல் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, பாதிப்பு உண்டு என்றது. இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், உரியவர் தாமே கொடுப்பதற்கு அது தடையாகாது.

அண்மை ஆண்டுகளில் இந்த வழியின் தேவை கூடியிருக்கிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு உரிமத்தொகை கிடையாது. சிறிய மெட்டல் குழுக்களைப் பொறுத்தவரை, அங்கே வைப்பதும் ஒருவகை இலவசமே. ஒரே வேறுபாடு, கேட்டவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது. பேண்ட்கேம்ப்பில் இலவசமாகத் தரவிறக்குபவரிடம் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டுப் பெற முடியும். அடுத்த தொகுப்பு வரும்போது அவருக்குச் செய்தி அனுப்ப முடியும்.

தரவிறக்கம் முக்கியமானது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு காலத்தில் சிறு குழுக்களின் புகலிடமாக இருந்த மைஸ்பேஸ், 2015 வரை பதிவேற்றப்பட்ட இசைக் கோப்புகள் அழிந்துவிட்டதாக 2019-இல் ஒப்புக்கொண்டது. இழந்தவை சுமார் 5 கோடிப் பாடல்கள் என்று மதிப்பிடப்பட்டது. அவற்றில் ஏறத்தாழ 4.9 லட்சம் பாடல்கள், முன்னரே ஆய்வுக்காகத் தரவிறக்கி வைத்திருந்த ஒரு குழுவினரிடம் இருந்ததால் மீண்டன. அவை இன்று இருக்குமிடம் இன்டர்நெட் ஆர்க்கைவ். பேண்ட்கேம்ப்பும் 2022-இல் ஒரு நிறுவனத்துக்கும் 2023-இல் இன்னொரு நிறுவனத்துக்கும் கைமாறி, ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை இழந்திருக்கிறது. தளத்தை நம்பி மட்டும் இசையை விட்டுவைக்க முடியாது. கேட்பவர்களின் கணினிகளில் பிரதிகள் இருந்தால் மட்டுமே ஒரு சிறு குழுவின் படைப்பு நிலைக்கும்.

இத்தகைய சேமிப்பிடங்களை நம் நாட்டின் தடையாணைகள் எப்படி நடத்துகின்றன என்பதே எனது கவலை. 2012-இல் ‘3’ என்ற தமிழ்த் திரைப்படத்துக்காகப் பெறப்பட்ட தடையாணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களை முழுமையாக முடக்கின. அந்த ஆண்டு ஜூனில், திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே தடை, தளம் முழுமைக்கும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே நீதிமன்றத்தின் வேறோர் ஆணையால் ஒரு நூலகம் முழுதும் முடங்கியது. தெளிவு ஒரு வழக்கோடு நின்றுவிட்டது.

திரைப்படத் துறையினர் தங்கள் முதலீட்டைக் காக்க நீதிமன்றம் செல்வது நியாயமே. ஆனால், தடை கோருபவர் ஒவ்வொரு முகவரியையும் சரிபார்த்துத் தர வேண்டும். தளம் முழுவதையும் முடக்கும் முன் அதற்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும். தவறாக முடக்கப்பட்டதை உடனே விடுவிக்க ஒரு வழி வேண்டும். 2012-இன் விளக்கத்தை எல்லாத் தடையாணைகளுக்கும் நிலையான நிபந்தனை ஆக்கினாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

கேட்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. சட்டப்படி இலவசமாகப் பெற வழிகள் இருக்கும்போது திருட்டுப் பிரதியைத் தேடிச் செல்வதற்குக் காரணம் இல்லை. அறிந்தே செய்யும் பதிப்புரிமை மீறலுக்கு நம் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 ஆண்டுகள்வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ‘விரும்பும் விலை’ என்று ஒரு குழு கேட்கும்போது சுழியம் என்று எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. பாடல் பிடித்துப்போனால், அடுத்த முறை அந்தக் கட்டத்தில் நூறு ரூபாயாவது எழுதுங்கள். அந்தக் குழுவின் அடுத்த பதிவுக்கு அது உதவும்.