முதல் காட்சிக்கு முன்பே ஒரு தீர்ப்பு

தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முதல் காட்சி தொடங்கும்போதே ஒரு பெரிய படத்தின் கதி பாதி முடிவாகிவிடுகிறது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் விடியற்காலையிலேயே படம் போட்டுவிடுகிறார்கள். ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்’ என்று அங்கிருந்து எக்ஸ் தளத்துக்கு ஒரு வரி வந்து சேர்கிறது. இங்கே காட்சி முடிந்து வெளியே வருபவரின் முகத்துக்கு நேரே யூடியூப் மைக்குகள் நீளுகின்றன. வெளிச்சத்துக்குக் கண் பழகுவதற்குள் அவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

பார்த்தவர் சொல்லிப் படம் ஓடுவது தமிழுக்குப் புதிதல்ல. 1978இல் ருத்ரையாவின் ‘அவள் அப்படித்தான்’ கவனிப்பாரின்றிக் கிடந்தது. மிருணாள் சென்னும் பாரதிராஜாவும் பாராட்டிய பிறகே அதற்குக் கூட்டம் வந்தது. 1999 டிசம்பரில் வெளியான ‘சேது’ காலி இருக்கைகளோடு தொடங்கி நூறு நாளைத் தாண்டியது. அந்தப் பேச்சு ஊர் ஊராகப் போய்ச் சேரும்வரை திரையரங்குகள் படத்தை வைத்திருந்தன. இன்று பேச்சு சில மணி நேரத்தில் பரவிவிடுகிறது. படத்துக்குக் கிடைக்கும் அவகாசமும் அதே அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இந்த வேகத்தால் வாழ்ந்த படங்களும் உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளத்திலேயே ஓடி, தமிழ்நாட்டில் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. கொடைக்கானல் குணா குகையிலிருந்து நண்பனை மீட்கும் இடத்தில் இளையராஜாவின் பாட்டு எழ, அரங்கமே ஆர்ப்பரித்தது. அந்த ஆரவாரம் கைபேசிகளில் பதிவாகி, படம் பார்க்காதவர்களையும் இழுத்து வந்தது. 2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு ஒரே நாளில் மோதியது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. புதிய இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் ஈழத்திலிருந்து ராமேஸ்வரம் வந்திறங்கும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லியிருந்தார். பெரிய விளம்பரத்தைவிடப் பார்த்தவர்களின் பதிவுகளே அதைத் தூக்கி நிறுத்தின.

ஆனால் வெளியே வந்ததும் ஒரு வரியில் சொல்லிவிட முடியாத படம் என்னாகும்? பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட படம். பின்னணி இசை கிடையாது. நீண்ட காட்சிகள்; முடிவைப் பார்வையாளரின் கையில் விட்டுவிடும் துணிச்சல். 2024 ஆகஸ்டில் இங்கே வெளியானபோது, ‘முடிவே புரியல’ என்ற ஒற்றைப் புகார் அதன் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது. இரண்டு நாள் மனத்தில் ஊறவேண்டிய படத்துக்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுக்கப்படவில்லை. இது அந்த ஒரு படத்துக்கு மட்டும் நேர்ந்த இழப்பல்ல.

அதற்காக விமர்சனத்தைத் தடை செய்யலாகாது. 2024 நவம்பரில் ‘கங்குவா’ அடிவாங்கிய பிறகு, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். முதல் மூன்று நாள் இணைய விமர்சனத்துக்குத் தடை கோரி சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது சரியே. காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவருக்குப் பேசும் உரிமை உண்டு. ‘கங்குவா’வின் முதல் அரைமணி நேரம் எடுபடவில்லை, சத்தம் அதிகம் என்று அந்தப் படத்துக்காக வாதாடிய ஜோதிகாவே ஒப்புக்கொண்டாரே!

தடுக்க வேண்டியது விலைக்கு வாங்கிய பேச்சை. பணம் கொடுத்துப் புகழ்ந்து எழுதவைப்பதும், போட்டிப் படத்தைக் கூலிக்கு வசைபாட வைப்பதும் திரைத்துறை அறிந்த சங்கதிகள். பணமோ பரிசோ பெற்றுப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியிலேயே ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. விமர்சகர்கள்மீது வழக்குப் போடும் தயாரிப்பாளர்கள் முதலில் தங்கள் விளம்பரச் செலவில் இதைக் கடைப்பிடிக்கட்டும். திரையரங்குகள் சிறு படங்களுக்கு இரண்டாம் வாரத்திலும் மாலைக் காட்சி ஒன்றையாவது ஒதுக்கட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த சிறு படம் வரும்போது யாரோ மைக்கில் சொன்ன வரியை நம்பி ஒதுக்கிவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே அரங்குக்குப் போய்ப் பாருங்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஏன் என்று நாலு வரி எழுதுங்கள்.