பிரெஞ்சு ஓபனின் இரவு ஆட்டம்: எங்கள் நிலைப்பாடு

பிரெஞ்சு ஓபன் டென்னிஸில் இரவு ஆட்டம் 2021இல் தொடங்கியது. அதிலிருந்து 2025 வரை நடந்த ஐந்து போட்டிகளிலும் சேர்த்து மகளிருக்குக் கிடைத்த இரவுகள் நான்கே நான்கு. 2021இல் இரண்டு, அடுத்த இரு ஆண்டுகளில் தலா ஒன்று. 2024இலும் 2025இலும் ஒன்றுகூட இல்லை. இதைத் தற்செயல் என்று எங்கள் மன்றம் ஏற்கவில்லை. ஆண்டுதோறும் இரவு ஆட்டங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மகளிர் ஒற்றையருக்கு என்பதை விதியாகவே எழுதிவைக்க வேண்டும். டிக்கெட் விற்பனைக்கு முன்பே அதை அறிவிக்கவும் வேண்டும்.

ஏற்பாடு இப்படி: பகல் ஆட்டங்கள் முடிந்ததும் பிலிப் ஷாத்ரியே அரங்கத்தைக் காலி செய்கிறார்கள். தனி டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே வருகிறார்கள். இரவு 8.15க்கு ஒரே ஓர் ஆட்டம். நமக்கு அது நள்ளிரவு நெருங்கும் நேரம். ஆடவர் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் முடிந்தாலும் மூன்று செட் உறுதி; மகளிர் ஆட்டம் இரண்டே செட்டில் முடிந்துபோகலாம். அவ்வளவு பணம் கொடுத்து வந்தவரை ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்பது அமைப்பாளர்களின் கேள்வி. போட்டியின் இயக்குநர் அமெலி மோரெஸ்மோவும் ஆட்ட நேரத்தையே காரணமாகச் சொல்லிவருகிறார். மகளிர் டென்னிஸில் முன்னாள் நம்பர் ஒன், இரண்டு கிராண்ட் ஸ்லாம் வென்றவர் அவர். அவருக்கு இதில் அக்கறை இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். அந்தக் கேள்வியும் வெற்றுச் சாக்கு அல்ல.

ஆனால் களத்தில் நடப்பது வேறு. 2025 கால் இறுதியில் ஓர் இரவு முழுவதும் அல்கராஸுக்கும் டாமி பாலுக்கும் ஒதுக்கப்பட்டது. 6-0, 6-1, 6-4. அல்கராஸ் 94 நிமிடத்தில் முடித்துவிட்டார். முந்தைய ஆண்டு இரண்டாம் சுற்றில் இகா ஸ்வியாடெக்கும் நவோமி ஒசாகாவும் அதே அரங்கில் பகலில் மோதினார்கள். மூன்றாவது செட்டில் ஒசாகா 5-3 என்று முன்னிலை பெற்று, வெற்றிக்கு ஒரு புள்ளி தூரம் வரை வந்தார். ஸ்வியாடெக் அதைக் காப்பாற்றி 7-5 என்று செட்டைப் பிடித்தபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பிறகு பட்டத்தையும் அவரே வென்றார். இவற்றில் எந்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியவர் ஏமாந்தார்?

நேரத்தைப் பற்றிப் பேசுவதானால் மறுபக்கத்தையும் பேச வேண்டும். 2022இல் நடால், ஜோகோவிச் கால் இறுதி நள்ளிரவு ஒரு மணியைத் தாண்டியது. 2024இல் மழையால் தள்ளிப்போன ஆட்டமொன்றை முன்னால் செருகியதால், ஜோகோவிச், முசெட்டி ஆட்டம் அதிகாலை மூன்று மணிக்கு மேல்தான் முடிந்தது. மூன்று செட்டைத் தாண்டாத ஆட்டம் இரவுக்குக் குறையா, வசதியா? கடைசி மெட்ரோவைப் பிடிக்க ஓடும் பார்வையாளரைக் கேட்டால் தெரியும்.

இதையெல்லாம்விட எங்களுக்கு உறுத்தலாக இருப்பது லோயிஸ் புவாசோன் விஷயம். 2025இல் வைல்டு கார்டில் நுழைந்த பிரெஞ்சுப் பெண், தரவரிசையில் 361. மூன்றாம் நிலை வீராங்கனை ஜெசிகா பெகுலாவை வீழ்த்தினார், மீரா ஆண்ட்ரீவாவையும் வீழ்த்தி அரை இறுதிக்குப் போனார். சொந்த மண்ணில் அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்த அந்த ஓட்டத்தில் ஓர் இரவுகூட அவருக்குக் கொடுக்கப்படவில்லை. இவருக்கே இல்லை என்றால் யாருக்குக் கிடைக்கும்?

மகளிர் கால் இறுதிகள் காலை 11 மணிக்குத் தொடங்குகின்றன. பாதி இருக்கைகள் காலி, விலை உயர்ந்த முன்வரிசைதான் அதிலும் அதிகம் காலி. கூட்டம் வராத நேரத்தில் ஆட வைத்துவிட்டு, கூட்டம் வரவில்லையே என்பது நியாயமல்ல. இங்கே 2007 முதல் எல்லாச் சுற்றுகளிலும் ஆடவருக்கும் மகளிருக்கும் சமமான பரிசுத்தொகை. மூன்று பெரிய அரங்கங்களில் இரண்டுக்கு சுசான் லெங்லென், சிமோன் மாத்தியூ என்று பெண்களின் பெயர்கள். பெயர்ப் பலகையில் இருக்கும் தாராளம் நேர அட்டவணைக்கு வர மறுக்கிறது.

பாதி கேட்காமல் ஏன் மூன்றில் ஒரு பங்கு என்று எங்கள் உறுப்பினர்கள் சிலரே கேட்டார்கள். களிமண் தரையின் இயல்பு ஒரு காரணம். மேலே இருப்பது ஓரிரு மில்லிமீட்டர் செங்கல் தூள்தான். வெயிலில் அது காய்ந்து பந்து எகிறும். இரவில் ஈரம் ஏறிப் பந்து கனக்கும், எழும்பாது. சுழற்றி அடித்துப் பந்தை உயரே எகிறவிடுபவர்கள் பகலையே விரும்புவார்கள். விரும்பாதவரை இரவுக்குத் தள்ளும் கட்டாயம் வேண்டாம். ஆகவே இது கீழ்வரம்பு மட்டுமே. ஆட்டக்காரர்களைக் கேட்டுக் கூட்டிக்கொள்ளத் தடையில்லை.

நியூயார்க்கிலும் மெல்பர்னிலும் இரவில் ஆடவர் ஆட்டம் ஒன்று, மகளிர் ஆட்டம் ஒன்று என்று இரண்டு நடக்கின்றன. பாரிஸுக்கு அதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. களிமண்ணில் புள்ளிகள் நீளும். இரண்டாவது ஆட்டத்துக்கு விடிந்துவிடும்.

பிரான்ஸில் இரவு ஆட்டத்தின் ஒளிபரப்பு உரிமை அமேசான் பிரைம் வீடியோவிடம் இருக்கிறது. எந்த ஆட்டம் இரவுக்கு என்பதில் ஒளிபரப்பாளருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதைப் பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அடுத்து கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் மகளிர் இரவுகளின் எண்ணிக்கை ஒரு ஷரத்தாகவே இடம்பெற வேண்டும்.